பழைய லேப்டாப், கோடு விழுந்த டிவி: கம்பத்து அக்காவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அக்கா,

‘தம்பி’ என்று கூப்பிட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமையோடு நானும் அக்கா என்றே எழுதுகிறேன். மற்ற வாசகர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் முதலில் உங்கள் கடிதத்தைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்குக் கேரள எல்லையை ஒட்டிய கம்பத்தில் வீடு. ஏலக்காய் வியாபாரிகள் சிலருக்கு டாலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறீர்கள். கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறிக் கேரளத்தில் இருக்கும் புற்றடி, வண்டன்மேடு பக்கம் போய் வருவதும் உண்டு. 2017இல் வாங்கிய லேப்டாப் காலையில் ஆன் செய்தால் திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. போதாததற்கு, ‘விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது’ என்று திரையில் வருகிறது. கடையில் காட்டினால், ‘இது இனி தேறாது, அறுபதாயிரத்தில் புதுசு எடுத்துக்கோங்க’ என்கிறார்கள். அடுத்து, போன ஓணத் தள்ளுபடியில் கேரளத்துக் கட்டப்பனையில் வாங்கிய 43 அங்குல டிவியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்திருக்கிறது. வாரன்டி இருந்தும் சரிசெய்து தர மறுக்கிறார்கள். மூன்றாவது, வருடச் சந்தா கட்டிய ஓடிடியில் படத்துக்கு நடுவே விளம்பரம் வருகிறது. நான்காவது, கேரளப் பக்கம் வண்டிப்பெரியாறில் இருக்கும் அம்மாவின் பட்டன் போனுக்கு, அவர் தொடவே தொடாத டேட்டாவுக்கும் சேர்த்து மாதாமாதம் ரீசார்ஜ் செய்ய வேண்டியிருக்கிறது. கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ‘ஐம்பத்தாறு வயசாச்சு, இதெல்லாம் எனக்குப் புரிய மாட்டேங்குது, தப்பு என்மேலதான் போல.’

அந்தக் கடைசி வரியை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன். ஊரில் பாதிப் பேர் பார்த்துப் பயப்படுகிற ஜிஎஸ்டி படிவங்களை நீங்கள் மாதாமாதம் நிரப்பிக் கொடுக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு ரீசார்ஜ் திட்டமோ வாரன்டி அட்டையோ புரியவில்லை என்றால், அதை எழுதியவர்கள் புரியும்படி எழுதவில்லை என்றுதான் பொருள். கணினி, டிவி, போன் பற்றி எழுதுவதே என் தொழில். எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இப்படித் தன்னையே குறை சொல்லிக்கொண்டுதான் முடிகின்றன. பணத்தைக் கொடுத்தவர் கூச்சப்படுகிறார், வாங்கிக்கொண்டவர் தைரியமாகப் பேசுகிறார். இது எனக்கு உண்மையிலேயே கோபத்தைத் தருகிறது.

சரி, டிவியிலிருந்து தொடங்குகிறேன். அதன் வாரன்டி ஓடிக்கொண்டிருக்கிறது, மற்ற மூன்றும் காத்திருக்கும்.

நீங்கள் எழுதியபடி நடந்தது இது. கோடு விழுந்ததும் கடைக்குப் போன் செய்தீர்கள். ‘தமிழ்நாட்டுக்கு எங்க ஆள் வர மாட்டார், நீங்களே கொண்டு வாங்க’ என்றார்கள். ஜீப் பிடித்துக் கம்பம்மெட்டு வழியாகக் கொண்டு போனீர்கள். அங்கே சர்வீஸ் ஆள் பார்த்துவிட்டு, வண்டியில் கொண்டு வந்ததில் பேனல், அதாவது திரை, அடிபட்டிருக்கிறது, அதனால் வாரன்டி கிடையாது என்று மலையாளத்தில் ஒரு ஜாப் ஷீட் (சர்வீஸ் குறிப்பு) எழுதிக் கொடுத்தார். கடை, கம்பெனி இரண்டின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். இங்கே அவற்றைத் தவிர்த்துவிடுகிறேன்.

முதல் விஷயம், இப்படி நெடுக்காக விழும் ஒற்றைக் கோடு பெரும்பாலும் அடிபட்டதால் வருவதில்லை. திரைக் கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய ரிப்பன் போன்ற இணைப்புகள் ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் சிக்னல் அவற்றின் வழியாகத்தான் போகிறது. ஒட்டு ஓரிடத்தில் விட்டுப்போனால் அந்த வரிசை மட்டும் செத்துக் கோடாகத் தெரியும். அடிபட்ட பேனலில் வழக்கமாக வெடிப்பு இருக்கும், மை கொட்டியது மாதிரி கறுப்புத் திட்டு இருக்கும், கோடுகள் கூட்டமாகக் கிளம்பும். உங்கள் மகன் அனுப்பிய படத்தில் ஒரே ஒரு கோடு, கண்ணாடி சுத்தமாக இருக்கிறது. படத்தை மட்டும் பார்த்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அடிபட்டதற்கான அடையாளம் எதுவும் அதில் எனக்குத் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய ஆதாரம் உங்களிடமே இருக்கிறது. டிவியை ஜீப்பில் ஏற்றுவதற்கு முன்னாலேயே, வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும்போதே, அந்தக் கோட்டை வீடியோ எடுத்துக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறீர்கள். கோடு எப்போது வந்தது, கடைக்கு எப்போது தெரிந்தது என்ற இரண்டு கேள்விக்கும் அதுவே பதில். அந்த உரையாடலை அழிக்காதீர்கள். போனில் இருக்கும் அசல் வீடியோவைக் கணினியிலும் ஒரு பென் டிரைவிலும் போட்டு வையுங்கள். மகன் போனை மாற்றினாலும் அந்த ஃபைல் பத்திரமாக இருக்க வேண்டும்.

இனிமேல் கடைக்காரரிடம் வாயால் பேச வேண்டாம். கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணில் நேரடியாகப் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்குங்கள். அதே நாளில் ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள்: வாங்கிய தேதி, பில் எண், டிவியின் பின்னால் இருக்கும் சீரியல் எண், கோடு தோன்றிய நாள், ‘நீங்களே கொண்டு வாங்க’ என்று சொன்ன நாள், ஜாப் ஷீட்டின் நகல், வீடியோ. நீண்ட கதை வேண்டாம், ஒரு பக்கம் போதும். வாரன்டிக் காலத்துக்குள்ளேயே நீங்கள் கேட்டுவிட்டீர்கள் என்பதற்கு அந்த மின்னஞ்சல்தான் சாட்சி. வாரன்டி அட்டையையும் ஒரு முறை முழுதாகப் படித்துப் பாருங்கள். பெரிய கம்பெனிகளின் வாரன்டி பெரும்பாலும் இந்தியா முழுமைக்கும்தான். எல்லைக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்ற பேச்சு அந்த அட்டையில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் கடைக்காரர் சொல்வதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

கம்பெனி அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். கட்டணம் கிடையாது. தமிழ், மலையாளம் உட்பட 17 மொழிகளில் பேசுகிறார்கள். வழக்குக்கு முன்பே கம்பெனியிடம் பேசித் தீர்த்து வைக்க முயல்வதுதான் அவர்கள் வேலை. பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடும்.

அங்கேயும் முடியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். உங்கள் கடிதத்தில் ‘கேரளாவில் வாங்கிட்டோம், கேஸ் போட்டா இடுக்கிக்குல்ல அலையணும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லைப்புறத்தில் எல்லோரும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடம், அல்லது சிக்கல் எழுந்த இடம் என்றுதான் இருந்தது, அதனால் அந்தப் பயத்தில் அப்போது நியாயம் இருந்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 34ஆம் பிரிவுப்படி புகார் கொடுப்பவர் எங்கே குடியிருக்கிறாரோ, அல்லது எங்கே வேலை பார்க்கிறாரோ, அந்த மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கம்பத்தில் இருப்பதால் தேனி மாவட்ட ஆணையம் போதும். கட்டப்பனைக் கடைக்காரரும் டிவி கம்பெனியும்தான் மலை இறங்கித் தேனிக்கு வர வேண்டும். எல்லையோரம் வாழ்கிறவர்களுக்கு இந்தச் சட்டம் செய்த மிகப் பெரிய உபகாரம் இதுதான் என்று நினைக்கிறேன். களியக்காவிளையில் இருப்பவருக்கும் கொழிஞ்சாம்பாறையில் இருப்பவருக்கும் திருத்தணியில் இருந்துகொண்டு நகரியில் பொருள் வாங்குகிறவருக்கும் இதே விதிதான்.

பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்துக்கொள்வதும் கட்டாயமில்லை. நீங்களே எழுதிக் கொடுக்கலாம், இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் பதியலாம். சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கடை, கம்பெனி இரண்டு பேரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் அவர்மேல் மற்றவர் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்ப்பார். மலையாள ஜாப் ஷீட்டுக்குத் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு மொழிபெயர்ப்பு இணைத்துவிடுங்கள். பழுது நீக்கித் தரச் சொல்லலாம், வேறு டிவி கேட்கலாம், பணத்தைத் திரும்பக் கேட்கலாம், ஜீப் வாடகையையும் சேர்த்து இழப்பீடு கேட்கலாம். சட்டம் சொல்கிற மாதக் கணக்குக்குள் தீர்ப்பு வந்துவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம், நாள் பிடிக்கும். ஆனால் நோட்டீஸ் போனவுடனேயே சமரசம் பேச வருகிற கம்பெனிகள் உண்டு.

அதுவரை உள்ளூரில் யாரையும் டிவியைத் திறக்க விடாதீர்கள். ‘பேனல் பாண்டிங் செய்தால் கோடு போய்விடும்’ என்று, அதாவது விட்டுப்போன ஒட்டை மறுபடி ஒட்டித் தருவதாகச் சொல்வார்கள், அது பொய்யில்லை. ஆனால் வேறு கை பட்டுவிட்டால் உங்கள் வழக்கின் முதுகெலும்பே போய்விடும்.

வாங்கிய அடுத்த மாதமே டிவிக்கு வரி குறைந்ததைக் கேட்டிருந்தீர்கள். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 28 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. விற்ற நாளில் இருந்த வரிதான் செல்லும். அந்தப் பணம் திரும்ப வராது, அதை விட்டுவிடுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். மெட்டு ஏறி வாங்கினால் வரி மிச்சம் என்ற பேச்சு நம் பக்கம் இன்னும் இருக்கிறது. 2017 ஜூலை 1க்கு முன்னால் இரண்டு மாநில வரியும் வேறு வேறாக இருந்தபோது அதில் அர்த்தம் இருந்தது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே ஜிஎஸ்டி. விலை குறைகிறது என்றால் அது கடைக்காரர் தரும் தள்ளுபடிதான். அந்தத் தள்ளுபடி, டிவியை ஜீப்பில் ஏற்றி இறக்குகிற செலவைவிடப் பெரிதா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

அப்புறம் லேப்டாப். உங்கள் இயந்திரம் இன்டெல்லின் ஏழாம் தலைமுறை ஐ5 சில்லு, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். இதைத் தூக்கிப் போடச் சொன்னவர் மெதுவாக இருப்பது, ஆதரவு முடிந்தது என்ற இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் கட்டி உங்களிடம் விற்கப் பார்த்திருக்கிறார். இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

மெதுவாக இருப்பதற்குக் காரணம் அநேகமாக ஹார்ட் டிஸ்க். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘டிஸ்க்’ என்ற இடத்தில் நீங்கள் ஒன்றும் செய்யாதபோதே 100 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு சுழல்கிறது, ஒரு சிறு கை முன்னும் பின்னும் போய்த் தகவலை எடுக்கிறது. பெரிய ஏலக்காய் குடோனில் ஒரே ஒரு ஆள் ஓடி ஓடி ஒவ்வொரு மூட்டையாக எடுத்துத் தருகிற மாதிரி. விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களை வெவ்வேறு இடங்களிலிருந்து கேட்கும். அந்தக் கை ஒவ்வொரு முறையும் நகர்ந்து போய்ச் சேர பத்து மில்லிசெகண்டுக்கு மேல் ஆகலாம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தில் சுழலும் பாகமே கிடையாது. அங்கே அதே வேலை அதில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் முடியும். உங்கள் லேப்டாப்பில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி நேராகப் பொருந்தும். 500 ஜிபி போதும். ரேம் 8 ஜிபி உங்கள் வேலைக்குத் தாராளம், கூட்டத் தேவையில்லை.

மாற்றுவதற்கு முன்னால் டாலியின் டேட்டா ஃபோல்டர் முழுவதையும் இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். ஒன்று பென் டிரைவில், இன்னொன்று வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ மகன் கணினியிலோ. இத்தனை வருடம் சுழன்ற டிஸ்க் எந்த நாளும் நிற்கலாம். அதில் இருப்பது உங்கள் கணக்கு மட்டுமில்லை, உங்களை நம்பிக் கொடுத்தவர்களின் கணக்கும். இந்தக் கடிதத்தில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை இன்று இரவே செய்துவிடுங்கள்.

கடையில் எஸ்எஸ்டி போடும்போது ‘ஓஎஸ் போட தனியா ஆகும், சாவியும் வாங்கணும்’ என்பார்கள். நீங்கள் வாங்கும்போதே லேப்டாப்போடு வந்த அசல் விண்டோசுக்கு உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது. டிஸ்க்கை மாற்றினாலும் அது போகாது. பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் குளோன் செய்து தரச் சொல்லுங்கள். திருட்டுச் சாவி போட்ட விண்டோசை உள்ளே விடாதீர்கள். அதோடு என்ன நிரல் கூட வருகிறது என்று யாருக்கும் தெரியாது, உங்கள் ஜிஎஸ்டி கடவுச்சொற்கள் அந்த இயந்திரத்தில்தான் இருக்கின்றன. லேப்டாப்பைத் திறந்த கையோடு விசிறியில் அடைந்த தூசியையும் எடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஆதரவு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவை நிறுத்தியது உண்மை. கணினி ஓடாது என்று இதற்கு அர்த்தமில்லை. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளுக்கு அடைப்பு வராது என்பதுதான் பொருள். வீட்டுக் கணினிகளுக்கு இந்த அடைப்புகளை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துத் தருகிறார்கள். 30 டாலர் கட்டணம் என்று கடையில் சொல்லியிருப்பார்கள். கட்டாமலேயே பெற ஒரு வழி இருக்கிறது: மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, விண்டோஸ் பேக்கப் வழியாக உங்கள் அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் இலவசம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் பதிவு செய்யும் இணைப்பு தெரியும். தெரியவில்லை என்றால் முதலில் நிலுவையில் இருக்கும் அப்டேட்களை முடியுங்கள், 22எச்2 என்ற கடைசிப் பதிப்புக்குத்தான் அது வரும்.

விண்டோஸ் 11 ஏன் ஏறவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இன்டெல் சில்லு என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் என்று பட்டியல் போட்டுவிட்டார்கள், ஏழில் ஒன்றிரண்டு விதிவிலக்கு மட்டும். ஒரு தலைமுறை வித்தியாசத்தில் உங்கள் லேப்டாப் வெளியே நிற்கிறது. நன்றாக ஓடுகிற கோடிக்கணக்கான கணினிகளை ஒரு பட்டியலால் பழசாக்கியது அநியாயம் என்று அந்த அறிவிப்பு வந்த நாளிலிருந்து எழுதி வருகிறேன், இன்றும் அதையேதான் சொல்கிறேன். குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏறும், ஓடும். ஆனால் அப்படி ஏற்றியதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. வீட்டில் படம் பார்க்கிற கணினி என்றால் சரி போ என்று விடலாம். பிறர் கணக்கு இருக்கிற கணினியில் அந்தச் சூதாட்டம் கூடாது.

2026 அக்டோபருக்கு அப்புறம்? டாலிக்கு விண்டோஸ் வேண்டும். டிஜிட்டல் கையெழுத்துக்காக யுஎஸ்பியில் செருகும் டாங்கிளும் விண்டோசில்தான் தகராறு இல்லாமல் வேலை செய்யும். அதனால் உங்கள் தொழிலுக்கு வேறு கணினி ஒன்று தேவைப்படும், அதை மறைக்கவில்லை. ஆனால் அது அறுபதாயிரத்துக் கணினியாக இருக்க வேண்டியதில்லை. கம்பெனிகள் பயன்படுத்திவிட்டு விடும் லேப்டாப்கள், அதாவது திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள், புதுப்பிக்கப்பட்டுக் குறைந்த விலைக்கு வருகின்றன. கட்டுமானம் உறுதி, கீபோர்டு அருமை, கணக்கு எழுதுகிற விரலுக்கு அது முக்கியம். எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். விண்டோஸ் திறப்பதற்கு முன்பே கேட்கும் பயாஸ் பாஸ்வேர்டு எதுவும் பூட்டியிருக்கக் கூடாது. சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில்லும், எழுத்தில் வாரன்டியும் தர வேண்டும். தராத கடையில் வாங்காதீர்கள்.

இப்போதே ஓடிப் போய்ப் புதுசு வாங்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை வாங்கிக் குவிப்பதால் 2025 பிற்பகுதியிலிருந்து ரேம், எஸ்எஸ்டி விலைகள் ஏறியிருக்கின்றன. மைக்ரான் நிறுவனம் வீட்டுப் பயனர்களுக்கு விற்று வந்த குரூஷியல் பிராண்டையே நிறுத்தப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. புதிய லேப்டாப்பின் விலையிலும் அது ஏறும். எஸ்எஸ்டி விலையும் கூடியிருக்கிறதுதான், ஆனால் அறுபதாயிரத்தோடு ஒப்பிட்டால் அது சிறு செலவு.

டாலி வேறு கணினிக்குப் போன பிறகும் இந்தப் பழைய லேப்டாப்பைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டு வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இலவசம், அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு. ‘லினக்ஸ் எல்லாம் இன்ஜினியருங்க சமாச்சாரம்’ என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வண்டிப்பெரியாறில் தமிழ் வழியில் படிக்கிற உங்கள் தங்கை மகளிடம் கேட்டுப் பாருங்கள். கேரளப் பள்ளிகளில் 2001இல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது, இப்போது அதை கேரள அரசின் கைட் நிறுவனம் நடத்துகிறது. அங்கே பிள்ளைகள் கற்பது உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்ட லினக்சில்தான். பத்தாம் வகுப்பில் ஐடி செய்முறைத் தேர்வே அதில் எழுதுகிறார்கள். ஐடி பாடப்புத்தகம் தமிழிலும் இருக்கிறது. நம் பக்கம் 2011இல் தொடங்கிய விலையில்லா லேப்டாப்களிலும் விண்டோசோடு பாஸ் என்ற இந்திய லினக்சும் சேர்ந்துதான் வந்தது. யாரும் திறந்து பார்க்கச் சொல்லிக் கொடுக்கவில்லை, பெரும்பாலான பிள்ளைகள் அதைத் தொடாமலேயே விட்டுவிட்டார்கள். மெட்டுக்கு அந்தப் பக்கம் பத்து வயதுப் பிள்ளை சாதாரணமாகப் பயன்படுத்துவதை இந்தப் பக்கம் இன்ஜினியர் சமாச்சாரம் என்கிறோம். அந்தப் பிள்ளையே அடுத்த விடுமுறையில் வந்து உங்களுக்கு மின்ட் போட்டுக் கொடுப்பாள்.

ஓடிடி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த ஓடிடி என்று நீங்கள் எழுதவில்லை. பொதுவாகவே இப்போது நிலைமை இதுதான்: சந்தா என்பது உள்ளே நுழைய மட்டும், விளம்பரம் இல்லாமல் பார்க்கத் தனிக் காசு. அமேசான் பிரைம் வீடியோ 2025 ஜூன் 17 முதல் இந்தியாவில் படங்களுக்கும் தொடர்களுக்கும் நடுவே விளம்பரம் கொண்டு வந்தது. அதை நீக்க அப்போது மாதம் 129 அல்லது வருடம் 699 ரூபாய் கூடுதல் என்றார்கள். வருடத்துக்கு என்று பணம் வாங்கிய பிறகு, அந்த வருடம் முடிவதற்குள் பொருளின் தன்மையை மாற்றுவது எந்த நிறுவனம் செய்தாலும் தவறு என்பதே என் கருத்து. நீங்கள் செய்யக்கூடியது, இனி எதற்கும் வருடச் சந்தா கட்டாதீர்கள். வீட்டில் அண்ணனுக்கு மலையாளப் படம், உங்களுக்குத் தமிழ்ப் படம் என்பதால் மூன்று ஓடிடி ஓடுகிறது. ஒரு மாதம் ஒன்று, அடுத்த மாதம் வேறொன்று என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். படம் எங்கேயும் ஓடிவிடாது. யுபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ என்ற பகுதியைத் திறந்து, தானாகப் பணம் எடுக்கும் அனுமதிகளை அங்கேயே ரத்து செய்யலாம். பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குறுஞ்செய்தியை மட்டும் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

அம்மாவின் போனுக்கு விடை எளிது. டேட்டா இல்லாமல் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் தரும் ரீசார்ஜ் ஒன்றாவது ஒவ்வொரு நிறுவனமும் வைத்தே ஆக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி கொண்டு வந்தது. இந்த வகைத் திட்டங்களுக்கு 90 நாள் என்றிருந்த உச்சவரம்பையும் 365 நாளாக உயர்த்தியது. 2025 ஜனவரியிலிருந்து திட்டங்கள் இருக்கின்றன. ரீசார்ஜ் கடையில் முதலில் எடுத்துக் காட்ட மாட்டார்கள், செயலியிலும் அடியில் எங்கோ கிடக்கும். ‘வாய்ஸ் மட்டும்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நீண்ட நாள் திட்டமாகப் போட்டுவிட்டால், எஸ்டேட்டிலிருந்து அம்மா மாதாமாதம் ரீசார்ஜுக்காக வண்டிப்பெரியாறு டவுனுக்கு இறங்க வேண்டாம். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துப் பதிவுக் குரலின் மொழியைத் தமிழுக்கு மாற்றச் சொல்லுங்கள். ‘பேலன்ஸ் முடியப் போகுது’ என்று மலையாளத்தில் சொல்வது புரியாமல் அவர் வைத்துவிடுவதாக எழுதியிருந்தீர்களே, அதுவும் தீரும்.

ஜாப் ஷீட்டின் பாதிதான் நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது. முழுப் பக்கத்தையும், பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் அதையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள். எனக்கு மலையாளம் வாசிக்க வரும். அடிபட்டது என்று உறுதியாக எழுதியிருக்கிறார்களா, சந்தேகம் என்று எழுதியிருக்கிறார்களா, கையெழுத்தும் தேதியும் இருக்கிறதா என்பதைப் பார்த்து, கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சலை உங்களோடு சேர்ந்து எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி